லயத்தை இடிப்பதற்கு முன் ஒருமுறை வந்து போ

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம். புதிய வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. தைப்பொங்கலை அங்கேயே வைக்கலாம் என்று உன் அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதன்பின், தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய அறைகளான நம் பழைய லயத்தை இடித்துவிடுவார்கள் என்று தேயிலைத் தோட்டத்தில் பேச்சு. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "இடிக்கட்டும் அப்பா, அங்கே பிறந்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது" என்றாய். அன்று எனக்குப் பதில் வாயில் வரவில்லை.

நேற்று டேப் பிடித்து லயத்தில் நம் அறையான காம்பராவை அளந்தேன். 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்புத் திண்ணை. தாத்தா, பாட்டி, நாங்கள் இருவர், நீங்கள் மூவர் என ஏழு பேர் அதற்குள்தான் படுத்தெழுந்தோம். அடுப்பிருந்த மூலைச் சுவரைச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். புகைக்கரி, அதனடியில் சுண்ணாம்பு, மறுபடியும் கரி, மறுபடியும் சுண்ணாம்பு என்று ஏடு ஏடாக உதிர்ந்தது. தீபாவளிக்குத் தீபாவளி பாட்டி வெள்ளையடித்த சுவர் அது.

இவ்வளவு சிறிதாக ஏன் கட்டினார்கள் என்று நீ சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறாய். இலங்கை மலைகளில் கோப்பி (காப்பி) பயிரிட்ட காலத்தில் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்து, பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பிவிடுவார்கள். சில மாதம் வந்து போகிறவர்களுக்குத் தலைசாய்க்க ஒரு கூரை போதும் என்ற கணக்கில் எழுந்த வரிசை அறைகளே லயங்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை மெல்ல மெல்ல அழித்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. அதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. வந்து போகிறவனுக்கான அறை தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தின் வீடானது. அளவை மட்டும் யாரும் மாற்றவில்லை. துரை பங்களாவைச் சுற்றி இருக்கும் புல்வெளியைப் பார்த்தால், இடம் இல்லாமல் அப்படிக் கட்டவில்லை என்பது உனக்கே விளங்கும்.

வேலை உள்ளவரைதான் காம்பரா என்ற பயத்திலேயே தாத்தாவின் காலம் கழிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியபோது, உயிர் வாழ்ந்த அறையும் சொந்தமில்லை, நாடும் சொந்தமில்லை என்றானது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடிய செய்தி வந்த இரவு, நாங்கள் ஒருவரும் உறங்காமல் இஸ்தோப்பில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே, லயத்தில் இனி எவரும் வாழக்கூடாது என்பதில் உன்னைவிட நான் உறுதியானவன். 7 பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) நிலத்தில் தனிவீடு, அதற்கு நம் பெயரில் உறுதிப்பத்திரம்: இவை நம் உரிமை.

ஆனால் வாழத் தகாத இடம் என்பதற்காக அது சுவடின்றிப் போக வேண்டுமா? அந்த அறையைக் கட்டியவர்கள் கூச்சப்பட வேண்டியதை நீ ஏன் சுமக்கிறாய், மகள்? கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நம் தோட்டத்திலும் வரிசையின் கோடியிலுள்ள தொங்கல் காம்பரா இரண்டையாவது விட்டுவைக்கும்படி கேட்டு நாங்கள் சிலர் கையெழுத்துச் சேர்த்து வருகிறோம். கொடுப்பார்களோ மாட்டார்களோ, அதற்குமுன் அளவுகளோடு ஒரு வரைபடம் நம் கையில் இருக்க வேண்டும். அதை ஒழுங்காக வரையத் தெரிந்தவள் நம் வீட்டில் நீ ஒருத்திதான்.

வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு வந்துவிடு. என்னிடமுள்ள டேப் 3 மீட்டர்தான். லயத்தின் முழு நீளத்தையும் அளக்க நீளமான டேப் ஒன்று கொண்டு வா. அடுப்பு மூலையை இனி நான் சுரண்டமாட்டேன். நீ வந்து படம் எடுக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா