அம்மாவின் பக்கத்தில் ஓர் இடம்

தஞ்சாவூர்,
கார்த்திகை 12

அன்புள்ள தோழா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மகன் வீட்டை இடித்துக் கட்டப்போகிறான். மாடியறையைக் காலி செய்து தரச் சொன்னான். நாற்பது வருடத்துப் புத்தகங்களைத் தட்டித் துடைத்துப் பெட்டியில் அடுக்க எனக்கு இத்தனை நாள் பிடித்தது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. முழங்கால் வலி மாடிப்படி ஏறி இறங்கியதில் கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பேத்திக்குக் காது குத்தியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். மொய் எழுத நான் வரவில்லையே என்று மட்டும் மனக்குறை.

பெட்டி அடுக்கும்போது எது கையில் கிடைத்தது தெரியுமா? ரஷ்ய எழுத்தாளர் ஃபதேயெவின் 'இளம் காவல்படை' நாவல். 1979இல் மதுரையில் நியூ செஞ்சுரி புத்தக வண்டியில் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு வாங்கினோமே, அதே மாஸ்கோ ஆங்கிலப் பதிப்பு. முதல் பக்கத்தில் நம் இருவர் கையெழுத்தும் அப்படியே இருக்கிறது. உனக்கு அந்த மொட்டை மாடி நினைவிருக்கும். அதன் நாயகன் ஒலெக் கோஷெவோய் தன் அம்மாவின் கைகளை நினைத்துப் பேசும் இடத்தை நீ வாய்விட்டுப் படித்தாய். சோப்பு நுரையில் துணி துவைத்த கைகள், பனிக்காலத்தில் வாளி சுமந்த கைகள், விரலில் ஏறிய சிராயை எடுத்த கைகள். அந்த வருடம்தான் உன் அம்மா போயிருந்தார்கள். பாதியிலேயே நிறுத்திப் புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டாய். மீதியை நான் படித்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எழுத்தாளர் அமைப்பில் மாவட்டப் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள், பிறகு தேர்தலில் நிற்கவும் அழைக்கக்கூடும், ஃபதேயெவின் வாழ்க்கைக் கதை நினைவுக்கு வந்து தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருக்கிறாய். உன் ஊரை அவருடைய மாஸ்கோவோடு நான் ஒப்பிடமாட்டேன். இங்கே ஒரு தாளில் கையெழுத்துப் போட மறுத்தால் யாரும் உன்னை இரவோடு இரவாகக் கொண்டுபோகப் போவதில்லை. ஆனாலும் நீ கேட்ட பிறகு அந்த மனிதரைப் பற்றி மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனத்தில் ஓடுவதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

அவர் சந்தர்ப்பவாதியாக வந்து சேர்ந்தவர் அல்ல, தோழா. இதை முதலில் சொல்ல வேண்டும். 1901இல் பிறந்து, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் வளர்ந்தவர். அம்மா கிராமங்களில் வைத்தியம் பார்த்த மருத்துவ உதவியாளர். பதினேழு வயதுக்குள் கட்சியில் சேர்ந்து, காடுகளில் கொரில்லாப் படையோடு அலைந்தார். 1921இல் கட்சியின் பத்தாவது காங்கிரசுக்குப் பிரதிநிதியாக மாஸ்கோ போனவரை, குரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்துக் கிளர்ச்சியை அடக்கப் பனிக்கட்டியின் மேல் நடத்திச் சென்றார்கள், அங்கே காயம்பட்டார். அந்தக் கொரில்லா அனுபவத்தில் விளைந்ததுதான் 1927இல் வந்த 'முறியடிப்பு' நாவல். அதன் தளபதி லெவின்சனை மறந்திருக்கமாட்டாய். உடம்பு முடியாதவன், உள்ளுக்குள் தடுமாறுகிறவன். படையாட்களிடம் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவே மாட்டான். இருபத்தாறு வயதுக்குள் அப்படி ஒருவனைப் படைக்க முடிந்தவரின் கையில் அசல் திறமை இருந்தது. தன் வருங்காலத்தையே அவர் அங்கே எழுதிவிட்டார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு பதவிகள் வந்தன. முப்பதுகளின் இறுதி முதல் 1944 வரை சோவியத் எழுத்தாளர் சங்கத்தின் செயலாளர். 1946 முதல் 1954 வரை மறுபடியும் அதன் தலைமை. 1939 முதல் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர், போருக்குப் பின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் உறுப்பினர். அந்த நாட்டில் எழுத்தாளர் சங்கம் என்றால் நம் ஊர் அமைப்புகள் மாதிரி மாதம் ஒரு கூட்டம் போட்டுக் கலைவது அல்ல. புத்தகம் வெளிவருவதும், குடியிருக்க வீடு கிடைப்பதும், கடனும் மருத்துவமும் ஓய்வில்லமும் அந்த அலுவலகத்தின் வழியாகத்தான். அதன் நாற்காலியில் இருப்பவர் ஒரு சோற்றுப்பானையின் அகப்பையைப் பிடித்திருக்கிறார்.

1940 ஜனவரியில் அந்த நாற்காலிக்கு ஒரு கடிதம் போகிறது, மரீனா ஸ்வெதாயெவாவிடமிருந்து. பதினேழு வருட வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பிறகு நாடு திரும்பியவர். கணவரும் மகளும் கைதாகிவிட்டார்கள். பதின்வயது மகனோடு தலைசாய்க்க ஓர் அறை கேட்கிறார். ரஷ்ய மொழியின் மாபெரும் கவிஞர்களில் ஒருவர் என்பது ஃபதேயெவுக்குத் தெரியாதா? தெரியும். மாஸ்கோவில் இடமில்லை, நல்ல எழுத்தாளர்கள் பலருக்கே வருடக்கணக்கில் ஒரு மீட்டர் இடம்கூட வாங்கித்தர முடியவில்லை என்று பதில் எழுதினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் யெலாபுகாவில் ஸ்வெதாயெவா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஒரு மீட்டர் என்ற சொல்லைத் தாண்ட முடியாமல் இரண்டு நாள் நான் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

கவிஞர் அக்மதோவா விஷயம் இன்னும் குழப்பமானது. 1940இல் அவருடைய தொகுப்பை ஸ்டாலின் பரிசுக்குப் பரிந்துரைத்தவர்களில் ஃபதேயெவும் ஒருவர். 1946இல் மேலிடம் அக்மதோவாவைத் தாக்கியதும் இவரும் சேர்ந்து தாக்கினார். பிறகு 1956 மார்ச்சில், அக்மதோவாவின் மகன் லேவ் குமிலியோவின் வழக்கை விரைந்து மறுபரிசீலனை செய்யுமாறு இராணுவ வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கைப்பட எழுதினார். அந்த மே மாதமே மகன் விடுதலையானார்.

எழுத்தாளர் எரன்பர்க் தன் நினைவுகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஒரு கூட்டத்தில் கவிஞர் பாஸ்டர்நாக்கைக் கண்டித்துப் பேசிவிட்டு வெளியே வந்த ஃபதேயெவ், எரன்பர்க்கை அழைத்துக்கொண்டு போய், உண்மையான கவிதையைக் கேட்கிறீர்களா என்று பாஸ்டர்நாக்கின் வரிகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எது நல்ல கவிதை என்று தெரியாதவன் மேடையில் கத்தினால் எனக்குக் கவலை இல்லை. நெஞ்சில் அத்தனை வரிகளையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அப்படிப் பேசினான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுத்தாளர் பிளாத்தோனவுக்கு 1931இல் செய்ததும் இதுதான். தன் பத்திரிகையில் தானே வெளியிட்ட கதை ஸ்டாலினுக்குப் பிடிக்கவில்லை என்றதும், அதைத் திட்டித் தானே கட்டுரை எழுதினார். 1948இல் போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரில் நடந்த மாநாட்டில் மேலை எழுத்தாளர்களை நரி, கழுதைப்புலி என்று பேசியதெல்லாம் இவற்றுக்கு முன்னால் பெரிதில்லை.

நம் புத்தகத்துக்கு வருகிறேன். 1942இல் நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த கிராஸ்னோதொன் என்ற சுரங்க ஊரில், பள்ளிப் பருவம் தாண்டாத பிள்ளைகள் இரகசியப் படை கட்டினார்கள். 1943 தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலோரைப் பிடித்துச் சித்திரவதை செய்து சுரங்கக் குழியில் தள்ளினார்கள். அந்த ஊர் மீட்கப்பட்ட வருடமே ஃபதேயெவ் அங்கே போய், கோஷெவோயின் அம்மா வீட்டிலேயே தங்கி, கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். பெரிய வேகத்தில் எழுதினார். 1946இல் ஸ்டாலின் பரிசின் முதல் நிலை கிடைத்தது. 1947 டிசம்பரில் கட்சி நாளிதழ் 'பிராவ்தா' குறை சொன்னது: பிள்ளைகள் தாங்களாகவே எல்லாவற்றையும் செய்கிறார்கள், வழிநடத்திய கட்சி எங்கே? இவர் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. உட்கார்ந்து, பெரியவர்களான கட்சித் தோழர்களை ஊருக்குள் கொண்டுவந்து, 1951இல் புதுப் பதிப்பைக் கொடுத்தார். நாம் மொட்டை மாடியில் படித்தது அந்தத் திருத்திய பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். நாம் அழுத அம்மா பகுதி மட்டும் யார் சொல்லியும் எழுதியதல்ல. அதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே நாவலில் ஸ்தாஹோவிச் என்ற துரோகி வருகிறானே, அவனை அந்த ஊரில் விக்தோர் திரெத்யாகேவிச் என்ற பையனாகவே எல்லோரும் அடையாளம் கண்டார்கள். குழியில் தள்ளப்பட்டவர்களில் அவனும் ஒருவன். அவன் மேல் பழியில்லை என்று 1959இல்தான் அறிவித்தார்கள். அவனைப் பெற்றவர்கள் அத்தனை வருடம் தெருவில் எப்படி நடந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார். அவன் அம்மாவுக்கும் கைகள் இருந்தன.

வேலை முடியாத புத்தகங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. தூரக்கிழக்கின் பழங்குடியினரான உதேகேக்களைப் பற்றிய 'உதேகேகளில் கடைசி மனிதன்' நாவலை இருபதுகளிலேயே தொடங்கினார். ஆறு பாகமாகத் திட்டமிட்டு நான்கோடு நின்றுவிட்டது. ஐம்பதுகளில் உருக்காலையை வைத்து ஒரு பெரிய நாவல். கரு மேலிடத்திலிருந்து வந்தது: ஒரு மகத்தான கண்டுபிடிப்பு, அதைத் தடுக்கும் நாசவேலைக்காரர்கள். வருடக்கணக்கில் ஆலைகளுக்குப் போய்த் தகவல் திரட்டிய பிறகு, கண்டுபிடிப்பு போலி, எதிர்த்தவர்கள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. நாவல் கையிலேயே செத்துப்போயிற்று.

1954இல் தலைமையை இழந்தார். அந்த ஆண்டு அம்மாவும் இறந்தார். அதே டிசம்பரில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில், எழுத்தாளர் குரோஸ்மனின் ஸ்டாலின்கிராட் நாவலைத் தான் தாக்கியது தவறு என்று எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். 1956 பிப்ரவரியில் கட்சியின் இருபதாவது காங்கிரஸ். ஸ்டாலின் காலத்துக் கைதுகள் பேசப்பட்டன, முகாம்களிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். அந்த மேடையிலேயே நாவலாசிரியர் ஷோலகோவ், இவரை அதிகார ஆசை கொண்ட செயலாளர் என்றும், நல்ல எழுத்து வருடங்கள் பதினைந்தை இவரிடமிருந்து நாம் திருடிவிட்டோம் என்றும் பேசினார். மே 13 அன்று மாஸ்கோவுக்கு அருகே பெரெதெல்கினோ வீட்டில் ஃபதேயெவ் தன்னைச் சுட்டுக்கொண்டார். சின்ன மகன்தான் முதலில் பார்த்தான். குடிப்பழக்க நோய் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

மத்தியக் குழுவுக்கு அவர் எழுதி வைத்த கடிதத்தை அப்படியே எடுத்துப் பூட்டிவிட்டார்கள். 1990இல்தான் அது அச்சேறியது. தன் உயிரைக் கொடுத்த கலையைக் கட்சியின் அறியாமை நிறைந்த தலைமை பாழாக்கிவிட்டது, தன்னை வண்டிக்குதிரையாக்கி யாரும் செய்யக்கூடிய அலுவலக வேலைகளைச் சுமக்க வைத்தார்கள், மூன்று வருடமாகக் கேட்டும் ஆள்பவர்கள் தன்னைச் சந்திக்கக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறார். எழுத்தாளர்களுக்கு எதிராகத் தான் போட்ட கையெழுத்துகளைப் பற்றி அதில் வெளிப்படையாக ஒரு வரியும் இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன். கடைசி வேண்டுகோள் மட்டும் ஒரு வரி: என்னை என் அம்மாவின் பக்கத்தில் புதையுங்கள்.

புதைக்கவில்லை, தோழா. நொவோதேவிச்சியில், பெரிய மனிதர்களின் இடுகாட்டில், அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அம்மா வேறு இடத்தில் இருக்கிறார். அந்த ஒரு மீட்டர் இவருக்கும் கிடைக்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. மறுநாள் காலையில் ஸ்வெதாயெவாவின் நினைவு வந்ததும் கோபம் திரும்பவும் வந்தது. இன்றுவரை இரண்டும் மாறி மாறித்தான் வருகின்றன.

பொறுப்பை ஏற்காதே என்று நான் சொல்லவில்லை. உன்னைவிட நேர்மையாக அதைப் பார்ப்பவர் உங்கள் மாவட்டத்தில் இல்லை. ஆனால் உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிய நாவல் இருநூறு பக்கத்தில் நின்று ஆறு வருடமாகிறது. அதை முடித்துவிட்டுப் போய் உட்கார். அவர்களிடம் ஒரு வருடம் தவணை கேள், கொடுக்காவிட்டால் விட்டுவிடு. இளைய எழுத்தாளன் ஒருவனைக் கண்டித்து அறிக்கை தயாரித்து உன் முன்னால் நீட்டும் நாள் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை எழுது. நடு இரவானாலும் பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

தை பிறந்ததும் நீ இங்கே வரவேண்டும். அதற்குள் இந்த மாடி இருக்காது. கீழே திண்ணையில் உட்காரலாம். 'இளம் காவல்படை'யைப் பெட்டியில் வைக்காமல் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அந்த அம்மா பகுதியை இந்த முறை நீயே கடைசிவரை படிக்க வேண்டும்.

உன் அன்பு நண்பன்