ஆங்கில வகுப்பில் ஒரு மாற்றம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தாராசுரம் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தோம். தேர்ச் சக்கர மண்டபத்து நிழலில் வெளிநாட்டு அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் மாணவன் ஒருவன் என் போனை வாங்கிப் போய் நீட்டி, "டேக் போட்டோ" என்றான். எடுத்துக் கொடுத்தார். அடுத்து, "வாட் இஸ் யுவர் ஏஜ்?" என்றான். அவர் முகம் சுருங்கிவிட்டது, எழுந்து போய்விட்டார்.

"நான் என்ன சார் தப்பாக் கேட்டேன்?" என்று வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

இலக்கணத்தில் வகுப்பிலேயே அவன்தான் முதல். தமிழில் என்றால், "எங்களை ஒரு போட்டோ எடுங்களேன்" என்றிருப்பான். அந்த 'ங்களேன்'இல்தான் பணிவு முழுக்க இருக்கிறது. ஆங்கிலமாக்கும்போது அது உதிர்ந்து, அதிகாரம் மட்டும் மிஞ்சிவிட்டது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான். பணிவைக் காட்ட, "குட் யூ டேக் எ போட்டோ ஆஃப் அஸ், ப்ளீஸ்?" என்று கேள்வியாகக் கேட்க வேண்டும். வயது விஷயமும் அப்படித்தான். அக்காவா, அம்மாவா, பாட்டியா என்று முறை வைத்துக் கூப்பிட நமக்கு வயது வேண்டும். அவர்களுக்கோ அது முன்பின் தெரியாதவர் கேட்கக்கூடாத கேள்வி.

1978இல் பெனலப்பி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற ஆய்வாளர்கள் பணிவுப் பேச்சைப் பற்றி எழுதியபோது, ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்தால் மொழியோடும் நம் தமிழையும் வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். நாங்களோ டென்ஸ், பாசிவ் வாய்ஸ் என்று இலக்கணத்திலேயே வருடத்தை ஓட்டிவிட்டோம். பையன் மீது தப்பில்லை.

வரும் வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஆங்கிலப் பாடவேளை முழுக்கப் பேசிப் பழகத்தான். உதவி கேட்பது, மறுப்பது, மன்னிப்புக் கேட்பது. மறுப்பதுதான் கஷ்டம். "சாப்பிடுங்க" என்றால் நாம் பசியிருந்தாலும் "இப்பத்தான் ஆச்சுங்க" என்போம். வீட்டுக்காரர்களும் விடாமல் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் "நோ, தேங்க்ஸ்" என்றால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வீட்டில் பிள்ளை ஆங்கிலம் பேசினால் பிழை பிடிக்காதீர்கள். "யார்கிட்ட இப்படிக் கேட்ப?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் வடமாநிலத்தாரின் பிள்ளைகளும் நம்மோடு படிக்கிறார்கள். அவர்கள் உங்களை "நீ வா" என்றால் கோபப்பட வேண்டாம். தெருவில் காதில் விழுந்த தமிழ் அது. "வாங்க" என்று சொல்லிக் காட்டுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

சிங்கப்பூர், துபாய்ப் பக்கம் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்கு வகுப்புக்கு வாருங்கள். அங்கே பேசத் தெரியாமல் பட்ட சங்கடங்களைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்