ஆனந்த கண்ணனும் எங்கள் காமன் கூத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆகஸ்ட் பிறந்தாலே எனக்கு சன் மியூசிக் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆனந்த கண்ணன் ஞாபகம் வந்துவிடும். 2021 ஆகஸ்ட் 16, புற்றுநோய், வயது வெறும் 48. கைபேசியில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கொழும்பில் கடையில் வேலை செய்த அண்ணனுக்கு எடுத்தேன். "பொய்யா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டில்தான் டிஷ் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் காம்பராவில்தான் இருப்போம், சன் மியூசிக் ஓடும். மழை இறங்கினால் படம் கட்டங்கட்டமாக உடையும், குரல் வந்தால் போதும் என்று உட்கார்ந்திருப்போம். போனில் பேசுகிறவர் எவ்வளவு தடுமாறினாலும் ஆனந்த கண்ணன் அவசரப்படுத்த மாட்டார், சிரித்துச் சிரித்தே பேச வைத்துவிடுவார். இந்தியாவுக்கு எடுக்க எங்களிடம் காசு ஏது? அதனால் அண்ணன் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், டோர்ச்சை மைக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பார், நாங்கள் ஒவ்வொருவராக அவருக்கு "போன் எடுத்து" ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கு ஒரு பாட்டு போடுங்கள் என்று கேட்போம். அண்ணனே பாடியும் விடுவார்.

ஆனந்த கண்ணன் சிங்கப்பூர்த் தமிழர் என்று பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்த ஒருவர் அத்தனை உரிமையோடு தமிழ் பேசியிருக்கிறாரே என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான். அவ்வளவு பெயர் எடுத்தவர் ஊருக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு நாட்டுப்புறக் கலைகளையும் பழைய விளையாட்டுகளையும் சொல்லிக்கொடுத்தார். சரி, நம்மிடம் என்ன இல்லை? மாசியில் கம்பம் ஊன்றி, மன்மதன் ரதி கதையைச் சொல்லும் காமன் கூத்து ஆடுகிறோம். தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் அந்த முதல் சத்தத்துக்கே சின்னப் பிள்ளைகள் ஓடி வருவார்கள், ஆனால் ஆடவும் பாடவும் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கொஞ்சம் பெரியவர்களானதும் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு கூத்துப் பாட்டும் அதன் கதையும் போடுங்கள் ஐயா, முதல் வாரம் ஆனந்த கண்ணன் படத்தோடு. எங்கள் தோட்டத்தில் ரதி வேடம் கட்டிய தாத்தா ஒருவர் இருக்கிறார், பாட்டு முழுக்க மனப்பாடம். உங்கள் நிருபர் வந்தால் நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா