மூங்கில் பட்டை விலை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஸ்கீ (பனியில் சறுக்கி ஓடக் காலில் பூட்டுகிற நீளப் பலகை) வீட்டில் செய்கிறவர்களுக்கு நாங்கள் விற்கிற மூங்கில் பட்டையின் விலை ஏறுகிறது. நோர்வேஜிய வாடிக்கையாளர்களுக்குப் போன கிழமையே அவர்களுடைய மொழியில் எழுதிவிட்டோம். எங்கட ஆட்களுக்குத் தமிழில் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தரைக்கு விற்கிற மூங்கிலைத்தான் நாங்கள் கூட விலைக்கு விற்கிறோம் என்று, ஒரு பிளந்த ஸ்கீயின் படத்தோடு வட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியும் தமிழில்தான் இருக்கிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, "இது உண்மையோ அண்ணை?" என்று கேட்டிருந்தீர்கள். நேரே கேட்டது பெரிய உதவி. கேட்காமல் மனதில் வைத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

விலை ஏறுவது உண்மை. எங்கள் மூங்கில் பலகை சீனாவின் செஜியாங் மாகாணத்தில் செய்யப்படுகிறது. வழமையாக அங்கே நிங்போ துறைமுகத்தில் ஏற்றி, சுயெஸ் கால்வாய் வழியாக றொட்டர்டாம் வந்து, அங்கே சின்னக் கப்பலுக்கு மாறி ஒஸ்லோ வரும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கிய பிறகு, பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்தப் பாதையை விட்டுவிட்டு ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஓடத் தொடங்கின. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம், அதற்கு எண்ணெய், அதோடு கொள்கலன் தட்டுப்பாடு. 2024 கோடையில் நாங்கள் கொடுத்த கப்பல் கூலி அதற்கு முந்தின வருடக் கூலியின் பல மடங்கு. அப்புறம் எங்கட குரோணர், அதாவது நோர்வேக் காசு, மதிப்பு இறங்கிவிட்டது. 2022 தொடக்கத்தில் ஒரு யூரோ 10 குரோணர் அளவில் இருந்தது, 2024இல் 11.50ஐயும் தாண்டிவிட்டது. இது எல்லாவற்றுக்கும் மேலே 25 வீத மொம்ஸ் (விற்பனை வரி). இவ்வளவு காலமும் ஏற்றத்தை நாங்களே தாங்கினோம். இனி முடியாது.

விலை ஏறுகிறது என்று மனவருத்தப்பட்டால் எங்களுக்கு விளங்கும். ஆனால் அந்தச் செய்தியில் இருந்தது வேறு. "கட்டடச் சாமான் கடையில் தரைக்கு விற்கிற அதே மூங்கிலைத்தான் பெயர் மாற்றி, எங்கட சனத்துக்கே கூட விலைக்கு விற்கினம்" என்று எழுதியிருந்தார்கள். இதைச் சும்மா விட எங்களால் முடியவில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு என்று விற்கிற மூங்கில் ஒரே சாமான் இல்லை. இன்று கடைகளில் கூடுதலாகக் கிடைப்பது நாரை நசுக்கிப் பிரித்து, பிசினில் தோய்த்து, இடியப்பத்தை அமுக்கிக் கட்டியாக்கினது மாதிரி அழுத்திச் செய்த பலகை. தரைக்கு அது நல்ல சாமான், குதி உயர்ந்த சப்பாத்துக்கும் லேசில் பள்ளம் விழாது. ஆனால் ஒரு கன மீற்றர் 1000 கிலோவைத் தாண்டும், தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும். அதை நடுமரமாக (ஸ்கீயின் உள்ளே நீளத்துக்கு ஓடுகிற மரம்) வைத்து ஸ்கீ செய்தால் பிள்ளை காலைத் தூக்க மாட்டாமல் நிற்கும். சீவுளி அலகையும் அது தின்றுவிடும். இன்னும் சில பலகைகளில் மேலே சில மில்லிமீற்றர்தான் மூங்கில், கீழே அழுத்திய மரத்தூள் அட்டை. அதில் பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டுகிற பூட்டு) திருகாணி பிடிக்காது.

நாங்கள் ஸ்கீக்குத் தருவது, பிளந்த பட்டைகளை நிமிர்த்தி வைத்து ஒட்டிய பலகை. கடைக்கு வந்தால் முனையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையிலும் கரும்புள்ளிகள் தெரியும், அதுதான் நார். மூங்கிலின் வெளித்தோல் இருந்த பக்கம் புள்ளிகள் நெருக்கமாகவும் உட்பக்கம் ஐதாகவும் இருக்கும். அந்தப் பட்டைகள் எல்லாம் மேலிருந்து கீழாக நின்றால், ஸ்கீ வளையும்போது பசை வரியில் பிளக்காது. நிறமும் பார்க்க வேண்டும். தேன் நிறத்துக்கு ஆவியில் வேகவைத்த மூங்கில் பார்க்க வடிவு, ஆனால் பலம் குறைந்துவிடும். அதனால் நாங்கள் வெளிர் நிறத்தை மட்டும்தான் எடுக்கிறோம். கன மீற்றருக்கு 700 கிலோ அளவில் வரும், ஏறக்குறைய ஆஷ் மரத்தின் பாரம்.

நீளத்தையும் யோசியுங்கள். கடைத் தரைப்பலகை அநேகமாக ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 180 சென்ரிமீற்றர் ஸ்கீக்கு இரண்டு துண்டைச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். ஒட்டலாம், தெரிந்தவர்கள் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒட்டு பைண்டிங்குக்குக் கீழே வந்துவிடக் கூடாது. எங்கள் பலகையிலிருந்து கீறித் தருகிற பட்டை இரண்டு மீற்றர், நடுவில் ஒட்டே இல்லை. தரைப்பலகைகளை ஒன்றோடொன்று கோர்க்கிற நாக்கையும் காடியையும் வெட்டி வீசுகிற சேதாரமும் இல்லை.

செய்தியில் படம் போட்டிருந்த அந்தப் பிளந்த ஸ்கீயை நாங்கள் கையில் வாங்கிப் பார்த்தோம். அந்த மூங்கில் எங்களிடம் வாங்கியதில்லை. பைபர்கிளாஸ் துணி உரிந்த இடத்தில் மரம் பளபளவென்று இருந்தது, நார் ஒன்றுகூடக் கிழிந்திருக்கவில்லை. தரைப்பலகையின் மேல்பூச்சு முழுதாகப் போகவில்லை, எப்பொக்சிப் பசை அந்தப் பூச்சில்தான் ஒட்டியிருந்தது. அந்தப் பூச்சில் அலுமினியம் ஒக்சைட் கலந்திருக்கும், சீவுளி அலகைக் கெடுக்கும், முற்றாக எடுப்பது பெரிய வேலை. அந்த ஸ்கீயைச் செய்த தம்பியில் எங்களுக்குக் கோபம் இல்லை. முதல் ஸ்கீயை அவ்வளவு வடிவாக வளைத்திருக்கிறார், விளிம்பு இரும்பு ஒரு இடத்திலும் தூக்கவில்லை. அடுத்த சோடிக்கு முதல் வந்து கதைத்தால் சந்தோசம்.

"ஊரிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ மூங்கில் எடுக்கலாமே" என்றும் சிலர் கேட்கிறீர்கள். மூங்கில் கிடைக்கும், பலகைதான் பிரச்சினை. பலகைக்குப் பாவிக்கிற மோசோ என்ற மூங்கில் வகை 5, 6 வருடத்தில் முற்றும். அதை வெட்டிப் பிளந்து, பச்சைத் தோலும் உட்தோலும் சீவி, பூச்சி தின்னாதபடி அவித்து மாச்சத்தை எடுத்து, சூளையில் காயவைத்து, அளவாக்கி, அழுத்தி ஒட்ட வேண்டும். இவ்வளவையும் ஒரே சீராகச் செய்கிற ஆலைகள் செஜியாங் பக்கம்தான் நிறைய இருக்கின்றன. ஈரம் ஒழுங்காக எடுக்காத பலகை இந்த நாட்டுக் குளிர்காலத்தில், ஹீற்றர் போட்ட அறைக்குள் ஒரு மாதம் கிடந்தாலே முறுகிவிடும்.

சரி, விலை ஏறினால் என்ன செய்வது? எங்கள் வியாபாரத்துக்கு நட்டமென்றாலும் சொல்கிறோம்: முழு நடுமரத்தையும் மூங்கிலில் செய்யாதீர்கள். பைண்டிங் திருகாணி இறங்கும் இடத்தில் இரண்டு பட்டை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, அது போதும். மிச்சத்துக்கு இந்த நாட்டு ஒஸ்ப் (ஆங்கிலத்தில் ஆஸ்பென்) மரத்தைப் போடுங்கள். சவுனா என்கிற சூட்டுக் குளியல் அறையின் வாங்குக்குப் பாவிக்கிற அதே மரம். மூங்கிலின் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும், மலிவு, சீவவும் லேசு. நோர்வேயில் 1930களிலிருந்தே ஒட்டுமர ஸ்கீக்களை இந்த யோசனையில்தான் செய்தார்கள், பலமான மரத்தை வேண்டிய இடத்தில் மட்டும் வைத்து. இப்படிச் செய்தால் ஒரு சோடிக்கு மூங்கில் பாதிக்கும் குறைவாகவே போகும், ஸ்கீயும் பாரம் குறையும். பள்ளிக்கூட ஸ்கீ நாளுக்குப் பிள்ளைகளுக்குச் செய்கிற கட்டைச் சோடிக்கு நடுவில் இரண்டு பட்டை மட்டும் போதும். தனிப் பட்டையாகவும் தருவோம், கட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை.

கடை தொடங்கின காலத்தில், தரை போடுகிற வேலைக்கு நடுவே "ஸ்கீக்கு நாலு பட்டை கீறித் தருவீங்களோ" என்று கேட்டு வந்தவர்கள் நீங்கள்தான். இந்தப் பக்கத்து வியாபாரத்தை நாங்கள் யோசித்துத் தொடங்கவில்லை, நீங்கள் கேட்டுக் கேட்டு வந்தது. செய்து முடித்த ஸ்கீயைத் தோளில் கொண்டுவந்து காட்டுகிறீர்கள், பிள்ளைகள் ஒஸ்லோவுக்கு வடக்கே நூர்ட்மார்க்கா காட்டில் அதில் ஓடுகிற வீடியோ அனுப்புகிறீர்கள். அந்தச் செய்தி வந்த அன்றும் கடைக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, ஒன்றும் கேட்காமல் வழக்கம்போலச் சாமான் வாங்கிப் போனவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

டிசம்பர் 1 முதல் ஒரு சோடிக்கான பட்டைக்கட்டு 590 குரோணரிலிருந்து 690 குரோணராகும். அதற்கு முதல் பதிந்தவர்களுக்குப் பழைய விலைதான். எங்களோடு கடையில் வேலை செய்த தம்பி துரொண்ட்ஹைம் நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டதால், நடுமரத்தை நடுவில் 11, முனையில் 2 மில்லிமீற்றருக்குச் சீவித் தருகிற வேலை இப்போதைக்கு இல்லை, சனிக்கிழமைகளில் கடையும் பூட்டு. நீளவாட்டில் கீறித் தருவது வழக்கம்போல இருக்கும். வரும்போது ஸ்கீயின் நீளத்தையும், பைண்டிங் வரும் இடத்தின் அகலத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் குடும்பத்தாரும்
ஒஸ்லோ