பேண்ட்வித் தீர்ந்தது சரி, தீர்த்தது யார்? வெப் ஹோஸ்டிங் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் கும்பகோணத்தில் சிறிய கடைகள், பள்ளிகள், கல்யாண மண்டபங்களுக்கு இணையதளம் செய்து தருகிறவன். உங்கள் சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் உங்கள் கணினியில், இடம் வாங்கி, அவர்களுடைய தளத்தை அதில் ஏற்றி, வருடா வருடம் ரினியூவல் பணத்தை நாலு முறை நினைவூட்டி வாங்கி உங்களுக்குக் கட்டுவது என் பிழைப்பு. உங்களில் யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை. நாலைந்து பேரிடம் வாங்கிப் பார்த்துவிட்டேன். இப்போது சொல்ல வந்த விஷயத்தில் உங்களுக்குள் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

போன ஜூலை 19ஆம் தேதி காலை ஒரு மண்டபத்துக்காரர் போன் செய்தார். ஆடியில் மண்டபம் காலிதான். ஆனால் ஆவணிக்கும் தைக்கும் இடம் தேடி ஜனங்கள் அலைகிற மாதம் அதுதான். தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை, அதில் 509 என்ற எண், பேண்ட்வித் வரம்பு, அதாவது தளத்திலிருந்து மாதத்துக்கு இவ்வளவு தரவுதான் போகலாம் என்று நீங்கள் வைத்த அளவு, தாண்டிவிட்டது என்று ஒரு வரி. (இந்த 509 இணையத்தின் அதிகாரபூர்வமான பதில் எண்களில் இல்லை. ஹோஸ்டிங் உலகம் தானாக வைத்துக்கொண்டது.) உங்கள் சப்போர்ட்டில் கேட்டேன். மாதம் 10 ஜிபி பிளான், அது தீர்ந்துபோனது, அடுத்த பிளானுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் ஆகஸ்ட் 1 வரை பொறுங்கள் என்றார்கள்.

மண்டபத்துக்காரரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டார்: "ஏன் தம்பி, பத்து ஜிபி தீர்ந்துபோச்சுன்னா எத்தனை பேரு பார்த்திருக்கணும்? ஹால் கேட்டு ஒரு போன்கூட வரலையே. யாரு பார்த்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ், நாளைக்கு 40 பேர் வந்ததாகச் சொன்னது. உங்கள் கன்ட்ரோல் பேனலில் பேண்ட்வித் என்ற பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு நீலக் கம்பம், அதன் மேல் 10 ஜிபி. எந்தக் கோப்பு போனது, யாருக்குப் போனது, ஒன்றும் கிடையாது. மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்தால்கூட நோட்டில் பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். மொத்தத்தை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினால் யாராவது கொடுப்பார்களா?

அப்புறம் சர்வரின் லாக் கோப்பை, அதாவது வந்துபோனதை எல்லாம் எழுதிவைக்கும் பதிவேட்டை, தேடினேன். அதிலும் ஒரு சங்கடம். சிபேனலில், அதாவது உங்கள் கன்ட்ரோல் பேனல் மென்பொருளில், பழைய லாக்கைச் சேர்த்துவைக்கச் சொல்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போடாவிட்டால், புள்ளிவிவரம் எடுத்தபின் லாக் போய்விடும். நல்லவேளை, தளம் போட்ட அன்றே நான் டிக் போட்டிருந்தேன். எத்தனை பேர் போட்டிருப்பார்கள்?

லாக்கில் ஒவ்வொரு வரியும் ஒரு கோரிக்கை. எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பைக் கேட்டார்கள், என்ன பதில் கொடுத்தோம், எத்தனை பைட் அனுப்பினோம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், கேட்டது எந்த உலாவி அல்லது நிரல் என்று எல்லாம் இருக்கும். பைட் எண்ணிக்கையைக் கோப்புவாரியாகக் கூட்டிப் பார்க்க எக்ஸெல்லில் ஒரு மத்தியானம் ஆயிற்று. மண்டபத்தின் சாப்பாட்டு மெனு 14 எம்பியில் ஒரு பிடிஎஃப். ஒரே பெயர் கொண்ட ஒரு பாட், அதாவது மனிதன் இல்லாமல் தானாக வந்து பக்கங்களை அள்ளிப்போகும் நிரல், அதை 19 நாளில் 400 தடவை இறக்கியிருந்தது. அதுவே 5.6 ஜிபி. மேடை அலங்காரப் படம் ஒன்று 4 எம்பி. கல்யாண மண்டபங்களைத் தொகுத்துப் போடும் வேறொரு தளம் அந்தப் படத்தை எடுத்துத் தன் சர்வரில் வைத்துக்கொள்ளாமல், நம் முகவரியிலிருந்தே காட்டிக்கொண்டிருந்தது. அங்கே யார் பக்கத்தைத் திறந்தாலும் படம் நம் கணக்கில் போகும். 600 தடவை, 2.4 ஜிபி. ஆக 8 ஜிபி இப்படியே போயிற்று. அந்த 40 பேர் உண்மையாகப் பார்த்தது மீதி 2 ஜிபிதான்.

அனலிட்டிக்ஸில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்டால், அது பக்கத்துக்குள் ஓடும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கு. பிடிஎஃபை நேரடியாக இறக்கினால் அது ஓடாது. படத்தை மட்டும் இன்னொரு தளம் இழுத்தாலும் ஓடாது. பாட்களில் பெரும்பாலானவை அதை ஓட்டுவதே இல்லை. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணுகிறவனுக்குக் கொல்லைப்புறம் தெரியாது. கொல்லைப்புறம் உங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பேண்ட்வித் என்ற சொல்லே பாதிக் குழப்பம். சில மொழிபெயர்ப்புகளில் அலைக்கற்றை என்று எழுதுகிறார்கள், படிப்பவருக்கு 2ஜி வழக்குதான் நினைவுக்கு வருகிறது. பொறியாளர்களுக்கு அது குழாயின் அகலம், ஒரு நொடிக்கு எவ்வளவு போகலாம் என்ற கணக்கு. நீங்கள் விற்பது மாதத்துக்கு எத்தனை குடம் என்ற கணக்கு. அந்தக் குடத்தில் இணையப் பக்கங்கள் மட்டும் இல்லை. சிபேனல் கணக்கில் மின்னஞ்சலும், சர்வருக்குக் கோப்புகளை ஏற்றி இறக்கும் எஃப்டிபியும் சேர்ந்தே ஓடுகின்றன. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் நாலு கம்ப்யூட்டரும் தலைமை ஆசிரியரின் போனும் ஒரே அஞ்சல் பெட்டியைப் பார்க்கின்றன என்றால், ஸ்கேன் செய்த சர்க்குலர் ஒன்று ஐந்து தடவை இறங்கும். வாரா வாரம் நான் எஃப்டிபியில் எடுக்கும் பேக்கப்பும் அதே கணக்குதான். பிளான் விற்கும்போது இதை உங்களில் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். அதனால் ஒன்றரை மாதம் ஆனதும் மீட்டரைப் போய்ப் பார்ப்பார்கள், ஏசியைக் குறைப்பார்கள். மீட்டர் வீட்டு வாசலில் இருப்பதால் அது முடிகிறது. போனில் 1.5 ஜிபி டேட்டா போட்டிருக்கிறோம், பாதி தீர்ந்ததும் குறுஞ்செய்தி வருகிறது, 90 சதவீதத்தில் இன்னொன்று வருகிறது, தீர்ந்தபின்கூட பல பிளான்களில் வேகம் குறையுமே தவிர முழுவதுமாக நிற்பதில்லை. நாளைக்கு 1.5 ஜிபி வாங்கும் பையனுக்குக் கிடைக்கும் மரியாதை, வருடத்துக்குப் பணத்தை முன்கூட்டியே கட்டும் மண்டபத்துக்காரருக்கு ஏன் கிடைக்கவில்லை? 80 சதவீதம் ஆனதும் மின்னஞ்சல் அனுப்பும் வசதி நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளிலேயே இருக்கிறது. என் கணக்கில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான் அணைக்கவில்லை.

ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற இலவச மென்பொருள் 20 வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. மனிதர்கள் பார்த்த போக்குவரத்து, பார்க்காத போக்குவரத்து என்று இரண்டாகப் பிரித்து, எந்தப் பாட் எவ்வளவு எடுத்தது என்பதையும் அட்டவணையாகக் காட்டும். சிபேனலிலேயே சேர்ந்து வருகிறது. உங்களில் ஒருவர் அதை மறைத்தே வைத்திருக்கிறார். இன்னொருவரிடம் கேட்டதற்கு, சர்வருக்குச் சுமை என்றார்கள். சரி, நாளுக்கு ஒருமுறை ஓட்டுங்கள். உடனுக்குடன் வேண்டும் என்று யார் கேட்டது?

பாட்களின் அட்டகாசம் என் சின்ன வாடிக்கையாளர்களின் கதை மட்டும் இல்லை. மென்பொருள் ஆவணங்களை வைத்திருக்கும் ரீட் த டாக்ஸ் தளம் 2024 ஜூலையில் வெளியிட்ட கணக்கைப் படித்திருப்பீர்கள். அந்த மே மாதத்தில் ஏஐக்காகத் தரவு திரட்டும் ஒரே ஒரு பாட் 73 டிபி (ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி) இறக்கியது. ஒரு நாளில் மட்டும் ஏறக்குறைய 10 டிபி. அவர்களுக்கு 5000 டாலருக்கு மேல் செலவு வைத்தது. ஒழுங்கான நிரல், "போன தடவை எடுத்ததற்குப் பிறகு இது மாறியிருக்கிறதா?" என்று முதலில் கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், சில நூறு பைட்டோடு வேலை முடிந்தது. இவை அதைக் கேட்பதே இல்லை, திரும்பத் திரும்ப முழுக்கோப்பையும் இழுக்கின்றன. எங்கள் மெனு பிடிஎஃபுக்கு நடந்ததும் அதேதான். 2025 ஏப்ரலில், விக்கிபீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும், 2024 ஜனவரிக்குப் பிறகு படம், ஒலி, காணொளிக் கோப்புகளை இறக்கும் பேண்ட்வித் 50 சதவீதம் கூடிவிட்டது, காரணம் பாட்கள் என்று எழுதியது. அவர்களுக்குப் பொறியாளர் படை உண்டு, கண்டுபிடித்தார்கள். என் மண்டபத்துக்காரருக்கு இருப்பது நான் மட்டும்தான்.

எந்தப் பாட் எங்கே வரக்கூடாது என்று எழுதிவைக்கும் ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பைப் போட்டுத் தடுக்கலாமே என்பீர்கள். போட்டேன். அது 1994இல் வந்த ஒரு மரியாதை ஏற்பாடு, வாசலில் மாட்டிய பலகை மாதிரி. படித்துத் திரும்பிப் போகிறவர்கள் போவார்கள், மற்றவர்கள் உள்ளே வருவார்கள். பூட்டு போட வேண்டுமானால் சர்வர் மட்டத்தில் போட வேண்டும். பெயர் தெரிந்த ஒரு பாட்டை நானே தடுக்கலாம், ஆனால் பெரிய சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரே முகவரி ஒரே கோப்பை நாளைக்கு 20 தடவை கேட்டால் நிறுத்திவிட உங்களால் முடியும். இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாட் எடுத்தாலும் ஜிபிதான், மனிதன் எடுத்தாலும் ஜிபிதான், தீர்ந்தால் அடுத்த பிளான் விற்கும். அந்த பேண்ட்வித் பக்கம் ஒரே நீலக் கம்பத்தோடு அவ்வளவு மொட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணமா?

"அன்லிமிடெட்" பிளான் விற்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேலே கொட்டை எழுத்தில் அளவில்லாத பேண்ட்வித் என்கிறீர்கள். விதிமுறைப் பக்கத்தின் அடியில், நியாயமான பயன்பாட்டுக்கு மேல் போனால் கணக்கை நிறுத்துவோம் என்கிறீர்கள். எது நியாயம் என்ற எண் எங்கும் இல்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பொறுப்புத்துறப்பு வாசகம், விளம்பரத்தில் சொன்ன முக்கியமான விஷயத்தை மறைக்கவோ மாற்றவோ கூடாது, அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழில் விளம்பரம் செய்து, நிபந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் வைக்கிறவர்கள் ஒருமுறை அதைப் படித்துப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். 14 எம்பி பிடிஎஃபை அப்படியே ஏற்றியது நான்தான். போட்டோகிராபர் பென்டிரைவில் தந்த படத்தை, போனில் பார்க்கிறவருக்கு 1200 பிக்சல் அகலம் போதும் என்று தெரிந்தும், அவசரத்தில் அப்படியே போட்டேன். இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் தமிழ் எழுத்தின் மேல் பழி போடுவார். இணையத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஆங்கிலம் 1 பைட், அதனால் தமிழ்த் தளம் மூன்று மடங்கு தின்னும் என்பது அவர் வாதம். கணக்குப் போட்டால் தெரியும். 12,000 குறிகள் உள்ள ஒரு நீளமான கட்டுரை 36 கேபி. சர்வரில் ஜிஸிப் சுருக்கம் இருந்தால் அதிலும் ஒரு சிறு பங்குதான் போகும். அந்த ஒரு மேடைப் படத்தின் 4 எம்பியில் அப்படி 100 கட்டுரைகள் அடங்கும், சுருக்காமலே. தமிழ் தின்னவில்லை, படம்தான் தின்றது. உங்களிடம் ஒன்று: அந்தச் சுருக்கத்தை இயல்பாகவே போட்டு வையுங்கள். என் இரண்டு தளங்களில் நான் போய்த்தான் போட வேண்டியிருந்தது.

ஜூலையில் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃபை 900 கேபிக்குக் குறைத்தேன். படங்களை எல்லாம் சின்னதாக்கினேன். வேறு தளங்கள் நம் படத்தை இழுப்பதை சர்வருக்குக் கட்டளை எழுதும் எச்டிஅக்சஸ் கோப்பில் நாலு வரி எழுதி நிறுத்தினேன். அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லித் தடுத்தேன். இப்போது வந்தால் 403, அதாவது அனுமதி இல்லை, என்ற பதிலோடு போய்விடுகிறது. தளம் திறக்க வேண்டும் என்பதற்காக அடுத்த பிளானின் பணத்தையும் அன்றே கட்டினேன், அது என் கைக்காசு. மண்டபத்துக்காரரிடம் கேட்க வாய் வரவில்லை. ஆகஸ்டில் 3 ஜிபிகூடப் போகவில்லை. 25 ஜிபி பிளானில் 22 ஜிபி சும்மா கிடக்கிறது. பழைய பிளானுக்கு இறக்கச் சொன்னால், ஆண்டு முடியும் வரை இறக்க வழியில்லை என்கிறீர்கள்.

ரினியூவல் மார்ச்சில் வருகிறது. அதற்குள் அந்த நீலக் கம்பத்துக்குக் கீழே, அதிகம் போன 20 கோப்புகள், அதிகம் எடுத்த 20 பேர் என்று இரண்டு அட்டவணை சேருங்கள். பாதி தீர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், அதுவும் எனக்கு வேண்டாம், மண்டபத்துக்காரரின் போனுக்கே அனுப்புங்கள். சேர்த்துவிட்டால் உங்களிடமே புதுப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன், கும்பகோணம்