செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மாரே, தோழர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு மன்றத்தின் உழைப்பில் பெரும்பகுதி ஞாயிறு உரைகளுக்கே போனது. மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிகசாலை வழமைபோல் இயங்கியது. சாதாரண தர மாணவர்களுக்கான மாலை வகுப்புகள் தடையின்றி நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

உரைகளை முதலில் ஹட்டன் டவுனில்தான் நடத்தினோம். ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் வந்தார்கள். வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிறன்று விறகும் துணியும் பார்க்கிற பெண்கள் பஸ் ஏறி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எனவே மார்ச் முதல் தோட்டங்களுக்கே போனோம். கோயில் முன்றிலில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், மழை நாளென்றால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் நடந்தது. அதன் பிறகுதான் இது நம் மக்களின் கூட்டமானது.

பிரஜாவுரிமை பற்றிய உரையை விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த மலையகத் தமிழரான நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாரும் இந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உரை முடிந்ததும் ஒரு முதிய தாய் எழுந்தார். தன் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் கோச்சி (ரயில்) ஏறிய நாளைச் சொன்னார். அண்ணனுக்கு இந்தியா கிடைத்தது, தங்கைக்கு இலங்கை. தமிழ்நாட்டின் கோத்தகிரியிலிருந்து கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. உயர்தரம் படிக்கும் பேத்தி பக்கத்திலேயே இருந்தாள். "ஏன் அம்மாயி, இத எங்களுக்குச் சொல்லவே இல்ல?" என்று கேட்டாள். "சொன்னா ஒங்களுக்கும் பயம் வந்துரும்னு நெனச்சேன்" என்றார் அவர். அன்று இருட்டும்வரை யாரும் எழவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் வந்த உளவளத்துணையாளர் இதையே தொட்டுப் பேசினார். ஆபீஸ் வாசலில் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொள்வது, ஒரு படிவத்தில் கையொப்பமிட நடுங்குவது, இவையெல்லாம் தனி ஆளின் கோழைத்தனம் இல்லை, தலைமுறைகளாகப் பழக்கப்படுத்தப்பட்ட பயம் என்றார். ஆற்றுப்படுத்தல் என்றால் அழுது தீர்ப்பது மட்டும் அல்ல. அநியாயம் நடந்தது என்று ஊர் நடுவே சொல்வதும், அதைக் கேட்க ஆள் இருப்பதும் அதில் சேர்த்திதான்.

மே மாதக் கூட்டத்தை சிவனு லெட்சுமணன் நினைவாக நடத்தினோம். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நின்று, 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர். காணிக்காக உயிரைக் கொடுத்த மக்களின் பிள்ளைகள் இன்றும் ஏழு பேர்ச் என்ற சிறு துண்டுக் காணிக்காக மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முகவரியும் அப்படித்தான். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லாததால் கடிதம் தோட்ட ஆபீசில் கிடக்கிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்து கைக்கு வந்ததாக ஒரு இளைஞர் உறையோடு கொண்டுவந்து காட்டினார்.

மிகவும் கடினமாக அமைந்தது சாதி பற்றிய உரை. பேச்சாளர் நேரடியாகவே கேட்டார்: தோட்டத்தை நடத்தும் துரைமாரின் ஒடுக்குமுறையைப் பேசுகிறோம், கல்யாணப் பேச்சு வரும்போது லயத்துக்குள்ளேயே பிரிவு பார்க்கிறோமே, அதை யார் பேசுவது? தப்படிக்கிறவரைக் கூத்துக்கு மட்டும் அழைத்து, பந்தியில் தள்ளி வைப்பதையும் சொன்னார். சிலர் எழுந்து போனார்கள். சபையில் இரண்டு பேர் இந்தத் தலைப்பை இனி வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் வீட்டுக்குள் இருக்கிற அநீதியை மூடிவைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் நீதி கேட்க முடியாது.

குடிசன மதிப்பீட்டை ஒட்டி, "மலையகத் தமிழர்" என்று சொல்லிப் பதிவதைப் பற்றி ஆண்டுக் கடைசியில் பேசினோம். 1946இல் நாட்டின் சனத்தொகையில் 11.7 சதவீதமாக இருந்த சமூகம் 2012இல் 4 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றதற்கு வெளியேற்றம் பெரிய காரணம். வேறு அடையாளத்தில் பதிந்துகொண்டதும் ஒரு காரணம். பயத்தில் அப்படிப் பதிந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று கூட்டம் ஒருமனதாகச் சொன்னது.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைச் சபை முன் வைக்கிறேன். முதியவர்களின் வாய்மொழிக் கதைகளை, அவர்கள் சம்மதத்தோடு, நம் உயர்தர மாணவர்களே ஒலிப்பதிவு செய்ய ஒரு குழு வேண்டும். கூட்டங்களில் பெண்கள் தலைமை தாங்கும் முறை நிரந்தரமாக வேண்டும். சாதி பற்றிய உரை மறுபடியும் நடக்க வேண்டும், அதுவும் ஆண்டின் முதல் கூட்டமாக. இவற்றை வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்