ரசீதுகளைப் பத்திரமாக வை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே பெரிய நிம்மதி. இங்கே சின்னவள் கல்லூரிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சரி, ஜெனரல் அசிஸ்டன்ஸுக்கு மறுபடியும் விண்ணப்பித்தால் என்னென்ன கேட்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

அமெரிக்காவில் நம் மேய்ன் மாநிலத்தில், அடிப்படைச் செலவுக்கே கஷ்டப்படுகிறவர்களுக்கான இந்த ஜெனரல் அசிஸ்டன்ஸ் உதவியைத் தருவது அந்தந்த ஊர் நகராட்சிதான். முதல் தடவை நீங்கள் விண்ணப்பித்தபோது தேவையை மட்டும் பார்த்தார்கள். மறுபடியும் போனால் அப்படி இல்லை. கடந்த 30 நாளில் வந்த பணம் எங்கே போனது என்று ரசீதோடு காட்ட வேண்டும். வாடகை, சாப்பாடு, கரண்ட், ஹீட்டிங், மருந்து எல்லாம் அடிப்படைத் தேவையில் சேரும். கேபிள் டிவி, பரிசுப் பொருள், கோர்ட் அபராதம், கிரெடிட் கார்டு கடன் சேராது. அதற்குக் கட்டிய பணம் இன்னும் உங்கள் கையிலேயே இருப்பதாகக் கணக்கு வைப்பார்கள்.

ஒரு பேச்சுக்கு, போன மாதம் 1,400 டாலர் வந்தது என்று வை. வாடகை 900, சாப்பாடு 250, கரண்ட் 100. மீதி 150ஐக் கார்டுக்குக் கட்டிவிட்டாய். அடுத்த உதவியைக் கணக்கிடும்போது அந்த 150ஐ உன் வருமானத்தோடு சேர்த்துவிடுவார்கள். உதவி அந்த அளவுக்குக் குறையும். ஊர் வரிப்பணம், கணக்குக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கடன்காரனுக்குப் பயந்து தவணை கட்டியவளையும் வீண்செலவு செய்தவளையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை செல்வி. வட்டி ஏறினால் அடுத்த மாதமும் அவள்தானே அங்கே போய் நிற்க வேண்டும்?

அதனால் கடைப் பில் ஒன்றையும் தூக்கிப் போடாதே. அந்த வழவழப்பான தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றன்றைக்கே போட்டோ எடுத்து வை. செல்போன் பில் பொதுவாகச் சேராது. வேலைக்கோ வைத்தியத்துக்கோ அவசியம் என்று அதிகாரி ஒப்புக்கொண்டால் சேரும். உன் வீட்டுக்காரருடைய டாக்டரிடம் அதற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்.

அப்புறம், விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் முடிவை எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தையாக "கிடையாது" என்றால் திரும்பி வந்துவிடாதே, எழுதிக் கேள். மறுப்புக் கடிதம் கையில் கிடைத்தால் 5 வேலை நாளுக்குள் விசாரணை கோரலாம். அது வந்த அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு, மனுவைச் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
மீனா